பற்று வரவு

இரவு மூன்று மணி. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
சஸ்காச்சுவான் சமவெளியில்
எங்கள் புகைக்கூண்டைத் தவிர
நிமிர்ந்து நிற்பது ஏதுமில்லை.

மாதிரிக் குழாயைத் திறக்கிறேன்.
மீன் வாடை.
கடலுக்கு இங்கிருந்து இரண்டு நாள் ரயில்.
ஆனாலும் என் கையுறையில், மஃப்ளரில், கார் இருக்கையில்
மீன் சந்தை.
வண்டி நிறுத்துமிடத்துச் சாம்பல் பூனை
என்னை மட்டும் பின்தொடர்ந்து
தினமும் ஏமாறுகிறது.

அமீன் கரைசல் கோபுர உச்சியிலிருந்து இறங்கும்,
நிலக்கரிப் புகை கீழிருந்து ஏறும்.
மற்றதையெல்லாம் போகவிட்டு
கரியமில வாயுவை மட்டும் கட்டிக்கொள்ளும்.
அடுத்த கோபுரத்தில் நூற்றிருபது டிகிரி.
சூடு பட்டதும் விட்டுவிடும்.
வெறுங்கையோடு முதல் கோபுரத்துக்கே திரும்பும்.

எங்கள் பேச்சில்
சுமந்து வருவது பணக்காரக் கரைசல்,
இறக்கிவிட்டு வருவது ஏழை.
"ஏழைதான் வேலைக்குப் போகுது, கவனிச்சியா?"
என்பான் டெல்மர்.

பிடிக்கப் பெரிய செலவில்லை.
விடுவிக்கத்தான் அத்தனை நீராவியும்.
டெல்மருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.
அவனுடைய விவாகரத்து வழக்குக்கு இது மூன்றாம் வருஷம்.

ஜன்னலோரம் என் குப்பிகள்.
செப்டம்பர் தண்ணீராக இருந்தது.
நவம்பரில் பால் விடாத தேநீர்.
டிசம்பரை யாரோ உடைத்துவிட்டார்கள்.
இன்றையது இஞ்சின் ஆயில்.

கெடுத்தது கரியமில வாயு அல்ல.
கூடவே நுழையும் கொஞ்சம் ஆக்சிஜன்,
சலவைக்குத் தப்பிய கந்தகம்.
அதுகளிலிருந்து பிறக்கும் உப்பு
எந்தச் சூட்டுக்கும் பிடியை விடாது,
திரும்பி வராத கைமாற்று மாதிரி.

பிடித்த வாயு குழாய் வழியே தெற்கே போகிறது.
பாதி, பாறைக்கடியில் அடக்கம்.
மீதி, கிழட்டு எண்ணெய்க் கிணறுகளில்
அடியில் ஒட்டியதை மேலே தள்ள.
அங்கே என் தம்பி பொஹ்தான் வேலை பார்க்கிறான்.
"நீ அனுப்பு, நான் எண்ணெயா எடுத்துத் தர்றேன்" என்று
ஞாயிறு விருந்தில் பெரோகித் தட்டை என் பக்கம் நகர்த்துவான்.
சிரிப்பேன்.
இரண்டாவது முறையும் பரிமாறிக்கொள்வேன்.

ஆறு மணிக்குக் கூண்டின் மேல் வெள்ளையாக எழுகிறது.
பெரும்பாலும் நீராவி.
'பெரும்பாலும்' என்று அறிக்கையில் எழுத முடியாது.
எண்பத்தொன்று என்று எழுதுகிறேன்.
போன மாதம் எண்பத்தெட்டு.
கிடங்கில் புதுப் பீப்பாய்கள் வந்திருக்கின்றன,
நிறமற்று,
இன்னும் எதையும் பிடித்தறியாமல்.

காரில் ஒரு டின் மத்தி மீன்.
கல்லாக உறைந்திருக்கும்.
ஹீட்டர் மேல் வைத்துவிட்டுக்
காத்திருப்போம்,
பூனையும் நானும்,
அது இளகி விடும்வரை.