இரண்டு தட்டு

பத்து நாளாய் என் கட்டிலில்
துண்டை மடித்துச் செய்த பிராணிகள்.
நேற்றைய குரங்குக்கு என் மூக்குக்கண்ணாடியையே மாட்டியிருந்தான்.
சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

உறைக்குள் எவ்வளவு வைப்பது?
பக்கத்து அறை டோரத்தி ஒரு கணக்குச் சொன்னாள்.
அதற்கு மேலும் வைத்தேன். மனசு ஒப்பவில்லை.
ஹாலிஃபாக்ஸில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவள் நான்,
பின்கதவால் இறங்கிப்போகும் முதுகுகளைப்
பார்த்தே பழகியவள்.

அவனையே கேட்டேன்.
குழாயைத் துடைப்பதை நிறுத்தாமல் சொன்னான்:
"கார்டில் என் பேரை எழுதுங்கள், மேடம்.
ரெய்னான்டே. ரெனாட்டோ இல்லை, அது வேறு ஆள்.
அறை எண்ணும் போடுங்கள்.
போன தடவை என் நன்றி
ஐந்தாம் தளத்துக்குப் போய்விட்டது."

பேர் வந்தால் ஜூனோவில் அரைநாள் லீவாம்.
ஏழு மாதமாய்ப் பனியாற்றைச்
சோப்புத் தண்ணீர் வழியும் ஜன்னலில்தான்
பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எழுதினேன். கொட்டை எழுத்தில், அழுத்தி,
மறுபக்கம் தடம் விழும்படி.
குரங்கைப் பற்றியும் எழுதினேன்,
இடம் போதாமல் ஓரமாய் வளைந்து ஏறி.

காலையில் வான்கூவர். மழை.
உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான்,
மறு கையில் என் படுக்கை விரிப்பு
பாதி உருவியபடி.
அடுத்தவர்கள் மதியமே ஏறுகிறார்களாம்.

என் பஸ்ஸில் ஒரு பையன்
இறங்கும்போதெல்லாம் கண்ணாடியை இரண்டு முறை தட்டுவான்.
பேர் தெரியாது.
வேறொன்றும் அவன் சொன்னதில்லை.

திறந்தே கிடந்த அறைக் கதவை
இரண்டு முறை தட்டிவிட்டு
இறங்கினேன்.