மூன்றாவது டர்போ

இலாரியோன் கொண்டுவந்தது மூன்றாவது டர்போ.
பெட்டி பிரிக்காமல், பின்சீட்டில்,
குழந்தைக்குப் போடுவதுபோல் பெல்ட் போட்டு.
"இரண்டு தடவை ஏமாந்துவிட்டேன், நெய்சா.
இது அசல். மாட்டிக்கொடு.
விடிந்தால் ஆறு பிரெஞ்சுக்காரர்கள்
உப்புவெளி பார்க்க நிற்பார்கள்."

உயுனியில் மனிதருக்கே
மூச்சு அளந்துதான் கிடைக்கும்.
டர்போ செத்த ஜீப்
சின்ன ஏற்றத்திலும் நின்று யோசிக்கும்.

நான் பெட்டியைத் தொடவில்லை.
ஸ்டார்ட் பண்ணு என்றேன்.
நீலப் புகை.
எண்ணெய் எரிகிறது, சரி.
எந்த வாசல் வழியாக வந்த எண்ணெய்?
அதைப் புகை சொல்லாது.

ரப்பர் குழாயைக் கழற்றினேன்.
உள்ளே இரண்டு கரண்டி எண்ணெய்.
"பார்த்தாயா, டர்போதான்!"
கேஸ் ஜெயித்தவன் குரல்.

விரல்விட்டு விசிறியை அசைத்தேன்.
பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம், இருக்கலாம்.
முன்பின்னாக அசைவே இல்லை.
நான்கு மாத டர்போ.
ஆனால் இதழ் விளிம்புகள் மட்டும்
உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாற்போல.

ஓடும் எஞ்சினில் எண்ணெய் மூடியைத் தளர்த்தி
சும்மா வைத்தேன்.
கிழங்கு வேகும் பானையின் மூடி
ஆடுவதுபோல் ஆடியது.
இலாரியோன் கோகா இலை மெல்வதை நிறுத்தினான்.

அழுத்தமானி சொன்னது:
இருபது. பத்தொன்பது. பன்னிரண்டு. பத்தொன்பது.
இந்த உயரத்தில் இருபது நல்ல எண்.
பன்னிரண்டை மறுபடி எடுத்தேன்.
பன்னிரண்டேதான்.

அந்த மூன்றாம் சிலிண்டருக்குள் காற்றடித்து
சைலன்சரில் காது வைத்தேன். சத்தமில்லை.
வால்வைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பு.
எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி
அந்தத் துளையில் காது வைத்தேன்.
இரவெல்லாம் இருமியவன் நெஞ்சு.

வளையங்கள் தேய்ந்துவிட்டன.
பிஸ்டனைத் தாண்டி இறங்கும் காற்று
அடித்தொட்டியில் கூட்டம் போட்டுக்கொண்டு
டர்போவிலிருந்து வடியும் எண்ணெயை
வராதே என்று மறிக்கிறது.
போக்கிடமற்ற எண்ணெய் சீலைத் தாண்டுகிறது.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

காற்று ஃபில்டரின் சுத்தமான பக்கத்தில்
ஒரு விரல் தேய்த்து நாக்கில் வைத்தேன்.
கரித்தது.

ஃபில்டர் பெட்டிக்கு நான்கு கிளிப்.
மூன்றுதான் இருந்தன.
நான்காவது இடத்தில் சிவப்புக் கம்பளி நூல்,
மூன்று சுற்று, அழகான முடிச்சு.

"யார் கட்டினது?"
அவன் நூலையே பார்த்தான்.
"போன மழைக்கு முந்தின மழையில்.
கிளிப் கடையில் இல்லை.
அப்புறம் மறந்துபோச்சு."

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும்,
எஞ்சினும்.
வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு
எஞ்சின் பிரிக்க ஆகும் தொகையை மட்டும் சொன்னேன்.

பின்சீட்டு பெல்ட்டை அவிழ்த்தான்.
"இதைத் திருப்பி எடுத்துக்கொள்வானா?"
"பெட்டி பிரிக்கலையே, எடுப்பான்."
வெளியே போய் செவேரோவுக்குப் போன் போட்டு
ஒரு நாளைக்கு வண்டி கேட்டான்.
செவேரோ வாடகை சொன்னான்போல;
குனிந்து பூட்ஸ் கயிறு கட்டினான் இலாரியோன்,
ஏற்கெனவே கட்டியிருந்ததை.

நான் சிவப்பு நூலோடு மல்லுக்கு நின்றேன்.
நகத்துக்கு அவிழவில்லை, குறட்டுக்கும்.
கத்தியால் அறுத்தேன்.

நல்ல முடிச்சு.