கண்டது, நினைத்தது

நரின் ஊரில் மார்ச் மாதம்
நாட்காட்டியில் மட்டும் வசந்தம்.
இயற்பியல் ஆசிரியர் பனியில் வழுக்கி
முழங்கால் உடைந்து படுத்துவிட,
மேல்வகுப்புக்குக் கணக்குப் பதிவியல் நடத்தும் என்னை
ஏழாம் வகுப்புக்குள் தள்ளிவிட்டார்கள்.
எனக்கு இயற்பியல் தெரியாது.
அது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது
முதல் நிமிடமே எனக்குத் தெரிந்தது.

வெளியே கூட்டிப்போனேன்.
பாப்லர் மரங்கள் வரிசையாக.
கெண்டைக்கால் புதையும் பனி.
ஒவ்வொரு அடிமரத்தையும் சுற்றி ஒரு குழி,
யாரோ கரண்டியால் வழித்தெடுத்ததுபோல்.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று:
பக்கத்தின் நடுவே ஒரு கோடு.
வரவு இடப்பக்கம், செலவு வலப்பக்கம்.
பெயரை மட்டும் மாற்றினேன்.
கண்டது. நினைத்தது.

'பனி உருகியிருக்கிறது' என்று
இடப்பக்கம் எழுதினான் திலெக்.
உருகும்போது பார்த்தாயா?
இல்லை, எஜெகே.
பிறகு என்ன பார்த்தாய்?
குழி.
அப்படியானால் உருகலைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோ.
கோபத்தோடு அடித்து எழுதினான்.
பென்சில் முனை முறிந்தது.
அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று
பின்னாலிருந்து ஒரு குரல்.

மரத்துக்கு உயிர் இருக்கிறது,
உயிர் என்றால் சூடு,
ஆட்டுக்குட்டியின் அடிவயிறு மாதிரி
என்றாள் ஜிபார்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
நானும்தான்.
அவ்வளவு அழகான விடை.
கையுறையைக் கழற்றிப் பட்டையைத் தொட்டுப் பார்க்க
எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கண்டு, அதன்பின் பிடிப்பதற்குப் பெயர் கண்டுபிடிப்பு.
நாங்கள் பிடித்துவிட்டோம்.
இன்னும் காணவில்லை.

சல்கின் அந்தக் கூட்டத்திலேயே இல்லை.
வாசலோர மின்கம்பத்தடியில் குந்தியிருந்தாள்,
அடிக்கோலைப் பனியில் செருகிக்கொண்டு.
இதற்கும் குழி இருக்கிறது, எஜெகே. பதினோரு சென்டிமீட்டர்.
இரும்பு. சோவியத் காலத்து இரும்பு.
அது உயிரோடு இருந்ததாக
ஊரில் யாருக்கும் நினைவில்லை.

ஒரு நல்ல எண்ணம் சாவதைப்
பன்னிரண்டு வயது முகத்தில் பார்ப்பது கஷ்டம்.
ஜிபாருக்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவள் பள்ளிக்குப் பின்புறம் ஓடிவிட்டாள்.
மூச்சிரைக்கத் திரும்பி வந்து கத்தினாள்:
நிழலில் நிற்கிற கம்பத்துக்குக் குழி இல்லை!

அப்படியானால் வெயில்.
இல்லை, அந்தப் பக்கம் காற்றும்தான் இல்லை.
இரண்டு கட்சி பிரிந்தது.
ஒரு தொப்பி பறந்து மரத்தில் மாட்டியது.

மாலையில் மூன்று குச்சிகள் நட்டோம்.
ஒன்றுக்குக் கரி, ஒன்றுக்குச் சுண்ணாம்பு,
ஒன்று சும்மா.
ஒரே பருமன், ஒரே உயரம், ஒரே திறந்தவெளி
என்பதில் திலெக் படு கறார்,
தணிக்கைக்கு வந்த அதிகாரிபோல.

மூன்றாம் நாள் காலை
கரிக்குச்சியின் அடியில் மட்டும் குழி.
வெயில் கட்சி பனியில் புரண்டு கூத்தாடியது.
நானும் தயாராகத்தான் இருந்தேன்:
முந்தின இரவு விழித்துப் புத்தகம் படித்து,
கறுப்பு ஏன் வெப்பத்தை விழுங்குகிறது என்று
கண்ணாடி முன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.
வாயைத் திறந்தேன்.

சல்கின் குனிந்து
இடப்பக்கம் எழுதிக்கொண்டிருந்தாள்:

குழி, ஒன்பது சென்டிமீட்டர்.
வடக்குப் பக்கம் மட்டும்.
மஞ்சள்.
பக்கத்தில் நாயின் காலடி, மூன்று.
நான்காவதைக் காணவில்லை.

பென்சில் கோட்டுக்கு மேலே நின்றது.
வலப்பக்கம்
அவள் இன்னும் போகவில்லை.