கைமாற்று

பைசாந்துவில், உருகுவாய் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி
என் இறைச்சிக் கடை.
முதலில் போனது மூக்கு.
கோடையில் ஒரு நாள் விலாத்துண்டு கெட்டிருந்தது.
சுல்மா வாசலிலேயே முகம் சுளித்தாள்,
நான் அதை எடை போட்டுக்கொண்டிருந்தேன்.
சளி என்றேன்.
இரண்டு வருடம் இருந்தது அந்தச் சளி.

பிறகு கரும்பலகை.
தினமும் காலையில் விலை எழுதுவேன்,
தெருவின் அந்தப்புறம் நின்றே படிக்கலாம்.
மார்ச் வாக்கில்
ஒவ்வொரு வரியும் மாடாய்த் தொடங்கி
எறும்பாய் முடிந்தது.
ஓய்வுபெற்ற ரயில்காரர் பாசிலியோ
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்:
"விலையை ஏற்றிவிட்டு ஒளிக்கிறாயா, வில்மார்?"
கடையே சிரித்தது. நானும்தான்.
என் சிரிப்பு முகம்வரை வந்து சேரவில்லை என்று
ராத்திரி சுல்மா சொன்னாள்.

வெள்ளை அங்கிக்கு ஐந்து பொத்தான்.
நான் மூன்றாவதில் இருக்கும்போதே
ரொட்டிக்காரன் வண்டி வந்து போய்விடும்.

நடுக்கம் அதற்கும் பின்னால்,
அதுவும் ஒரு வினோத நடுக்கம்.
கத்தி பிடித்தால் கை கல்,
எலும்போரம் நூல் பிசகாமல் இறங்கும்.
கத்தியைக் கீழே வைத்து
தொடையில் கையைச் சாய்த்தால் போதும்,
கட்டைவிரலும் சுட்டுவிரலும்
இல்லாத காசை எண்ணத் தொடங்கும்.
ஆகவே ஓய்வெடுப்பதை நிறுத்தினேன்.
வெட்ட ஒன்றுமில்லாத மதியங்களில்
துடைத்த மேசையைத் துடைத்தேன்.
ஞாயிற்றுக்கிழமைதான் காட்டிக்கொடுத்தது:
ஆற்றங்கரை நடையில்
இடக்கை வீசுகிறது,
வலக்கை சட்டையோடு சேர்த்துத் தைத்ததுபோல் தொங்குகிறது.
"அந்தக் கைக்கு யாரோடு கோபம்?" என்றாள்.

நரம்பு மருத்துவர் இரிகோயென், என் மகள் வயசு.
ஒரு சுருள் வரையச் சொன்னாள்.
விரல்களைத் தட்டச் சொன்னாள், பெரிதாக, வேகமாக.
பத்தாவது தட்டில் என் விரல்களுக்கு அலுத்துவிட்டது.
மணிக்கட்டை மடக்கிப் பார்த்தாள்,
பல்சக்கரம்போல் விட்டுவிட்டுக் கொடுத்தது.
பார்கின்சன் என்றாள். ஆரம்பம்தான் என்றாள்.
எதன் ஆரம்பம் என்று நான் கேட்கவில்லை.

லெவோடோபா. அரை மாத்திரை, மூன்று வேளை.
"சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னால் பழக்கிக்கொள்ளுங்கள்,
முக்கியமாக இறைச்சிக்கு முன்னால்.
இரண்டும் ஒரே கதவில் நுழையும்,
இறைச்சிக்குத் தோள் அகலம், முந்திக்கொள்ளும்."
அப்புறம்தான் என் தொழிலைக் கேட்டாள்.
அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
சுல்மாதான் முதலில் சிரித்தாள்.

முதல் வாரம் குமட்டல்.
மற்றவர்கள் கரியில் வாட்டித் தின்ன
நான் உப்பு பிஸ்கட்டைக் கடித்தபடி கடிகாரம் பார்த்தேன்.
அவள் சொல்லி, அரை முழுசானது.
ஒரு வியாழன், குளிர் அறைக்குப் போகும் வழியில்
ஏதோ தொடையை உரசியது.
நாய் என்று குனிந்தேன்.
என் கை.
யாரும் கூப்பிடாமலே வீசிக்கொண்டு
கூடவே வந்தது.

குணமா என்று அடுத்த முறை கேட்டேன்.
இல்லை, இது நோயை நிறுத்தாது என்றாள்,
மூளை தயாரிக்கத் தவறுவதை
வெளியிலிருந்து கொஞ்சம் தருகிறோம்.
பின்னால் அளவு கூடலாம், வேளை கூடலாம்,
மருந்தே சிலரை ஆட்டிவைப்பதும் உண்டு.
மறைக்கவில்லை அவள்.
எனக்குப் புரியும் கணக்குதான் அது.
கல்லாவுக்குக் கீழே ஒரு கடன் நோட்டு,
மாதக் கடைசியில் தருகிறேன் என்றவர்கள் எல்லாரும் அதில்.
பின்பக்கத்தைத் திருப்பி என் பெயர் எழுதினேன்:
வில்மார் எச்செவெர்ரி. ஒரு கை. கைமாற்று.
தவணை காலை ஏழு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து.
திருப்பித் தரும் தேதிக்கு இடம் விட்டேன்.

இப்போதெல்லாம் பலகை எழுதுவது எட்டு மணிக்கு,
மாத்திரை இறங்கிய பிறகு.
இன்று பாசிலியோ எதிர்ச் சாரியிலிருந்தே கத்தினார்,
"என்ன, விலை குறைந்துவிட்டதா?"
"அதே விலைதான். எழுத்துதான் பெரிசு."
கடைசி எழுத்து மட்டும் சற்றுக் குறுகியிருந்தது.
உள்ளங்கையால் அழித்தேன்.
சுண்ணக்கட்டியை எடுத்து
மறுபடி.