பொது உண்மை

தலைஞாயிறு. பயிர்க் காப்பீட்டு முகாம்.
சொல்வதை இங்கிலீஷில் இறக்கிக்
கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்.
அதற்குத்தான் நான்,
பி.ஏ. இங்கிலீஷ், மனுவுக்கு எட்டு ரூபாய்.

பதினேழாவது ஆள் தையல்நாயகி.
ஆறு மா, நேரடி விதைப்பு.
"இந்தப் பயிர இங்கயே பாத்துக்குங்க தம்பி"
என்று மேஜைமேல் ஒரு பிடி வைக்கிறாள்.

இன்டைரக்ட் ஸ்பீச்சில் 'இந்த' அந்தவாகும்,
'இங்கே' அங்கேயாகும்.
நான் அடிக்க அடிக்க
பயிர் மேஜையைவிட்டு நகர்ந்துபோய்
எங்கோ, யாரோ ஒருத்தியின் வயலில்
கருகியிருந்தது.

"நாளைக்குள்ள வரலன்னா உழுதுட வேண்டியதுதான்."
மறுநாளைக்குள் வராவிட்டால்.
எந்த நாளுக்கு மறுநாள்?

தமிழில் இந்தத் தொல்லை இல்லை.
கடைசியில் 'என்றாள்' என்று
ஒரு மடை அடைத்தால் போதும்;
பேசியது பேசியபடி உள்ளே நிற்கும்,
நான் நானாகவே, இன்று இன்றாகவே.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
"அழுதேன்னு எழுதிராதீங்க. நான் அழுவல. தூசி."
தான் அழவில்லையென்று அவள் கூறினாள்,
என்று அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன்.
யார் படித்தாலும்
அழுதாள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.
அந்த வரியை எடுத்துவிட்டேன்.

கைநாட்டு வைத்துவிட்டு எழுந்திருக்கும்போது,
என்னிடம்கூட இல்லை, பொதுவாக:
"கடைமடைக்கு எப்பவும் கடைசியாத்தான் வருது,
மிச்சம் இருந்தா."

விதிக்கு ஒரு விலக்கு உண்டு.
சூரியன் கிழக்கே உதிக்கிறது,
தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுகிறது:
யார், என்றைக்குச் சொல்லியிருந்தாலும் சரி,
காலம் மாறாது. பொது உண்மை.

இவள் சொன்னது எதில் சேர்த்தி?
அரிச்சந்திரா ஆற்றைக் கேட்கலாம்,
பக்கத்தில்தான் இருக்கிறது,
பேருக்கு ஏற்றபடி பொய் சொல்லாது.
இந்த வருஷம் வாயே திறக்கவில்லை.

'வந்தது' என்று அடித்தேன்.
அழித்தேன்.
'வருகிறது.'

பிரிண்ட் எடுத்ததும் பக்கிரிசாமி சார்
சிவப்புப் பேனாவால் சுழித்தார்.
"டென்ஸ் தப்புய்யா. படிச்சவன்தானே நீ?"
"தப்புதான் சார்" என்றேன்.
மூடியைத் திருகியபடி
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பதினெட்டாவது ஆள் உட்கார்ந்து,
இடம் இல்லாததால்
தன் மனுவை அந்தப் பயிரின்மேல் வைத்தார்.
இந்தப் பயிரின்மேல்.