கீழ்ப்பலகை

பைன் துண்டுகளை மின்அடுப்பில் வைத்து
ஐந்து நிமிடம் எண்ணுவாள் ஹில்ப்பா.
நூறு டிகிரி. நூற்று நாற்பது.
பிறகு கண்ணாடித் தட்டில் இட்டு மூடி
பெயரெழுதிக் காத்திருப்பாள்.

ஸ்ப்ரூஸ் நிழலின் பூஞ்சைகள்
முதல் சூட்டிலேயே அடங்கிவிட்டன.
ஒன்று மட்டும்
பதினோராம் நாள்
மரத்தின் விளிம்பில் ஓர் இழை நீட்டியது,
கதவு திறந்து
மழை விட்டதா என்று பார்ப்பதுபோல.

ஜூனில், லியெக்ஸாவுக்கு அப்பால்,
அர்மாஸ் காட்டுக்குத் தீ வைத்தான்,
கையில் அனுமதிச் சீட்டு, முதுகில் தண்ணீர்ப் பை.
விழுந்துகிடந்த கட்டைகளுக்கு
வெளியே கரி.
இரண்டு விரற்கடை உள்ளே
நெருப்புக்குத் தகவலே போகவில்லை.

சனிக்கிழமை. சௌனா.
அர்மாஸ் கல்லில் நீர் ஊற்றுகிறான்.
எண்பத்தைந்து.
மூச்சு முட்டிக் கீழ்ப்பலகைக்கு இறங்கியவளின்
குதிகால்
தரைச்சட்டத்துக்குள் புதைகிறது.
பழுப்பாய், கட்டம் கட்டமாய் உதிரும் மரம்.

இருபத்தாறு வருடச் சனிக்கிழமைகள்
அவர்கள் காலடியில் வியர்த்திருக்கிறது அது.

"எரித்துவிடலாமா?" என்கிறான்.
அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஈர உடம்போடு குனிந்து
ஒரு சில்லைப் பெயர்த்து
சோப்புப் பெட்டியில் போட்டு மூடுகிறாள்.
பெயரெழுதப் பேனா இல்லை.