மொழிபெயர்ப்பாளர் எண் 4417

வினிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
டொக்டரின் மேசையில் தொலைபேசி
மல்லாந்து கிடக்கிறது.
அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல்:
வணக்கம் அம்மா,
நான் மொழிபெயர்ப்பாளர் நாலு நாலு ஒன்று ஏழு.
நீங்கள் சொல்வதை அப்படியே சொல்வேன்,
கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

தராசு பிடிக்கிறவர்கள் எல்லாரும்
இப்படித்தான் தொடங்குவார்கள்.

ஏழு கேள்விகள்.
கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள்
பதற்றமாக உணர்ந்தீர்கள்?
எங்கடை பக்கம் அதற்குப் பேர் பதகளிப்பு.
கராஜ் கதவு மேலே ஏறும்போது
அலுமாரிக்குள் கோப்பைகள்
ஒன்றோடொன்று முட்டும்.
கதவு நின்றுவிடும்.
எனக்குள் முட்டுவது விடியும்வரை.

ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை.
யார் யாரோ படுத்தெழும்பிய விரிப்புகள்,
நாளுக்கு ஆயிரம்.
போன செவ்வாய் மாரிசெல் பின்னால் வந்து
தோளைத் தொட்டாள், சாப்பிட வா என்று.
மடித்து வைத்த நாற்பதும் சரிந்தன.
மன்னித்துக்கொள் என்றேன்,
அவளும் அதையே சொன்னாள்.

நித்திரை?
சோபாவில். சப்பாத்தோடு.

ஏன் அம்மா?

இதற்கொரு சொல் எங்கள் மொழியில் இருந்தால்
எனக்கு யாரும் தரவில்லை.
தந்தவை வேறு.
அனுசரிச்சுப் போ.
கட்டினவன்தானே, தெருவிலை போறவனோ?
வைபரில் அம்மா, அதுவும்
அப்பாவுக்குக் கேளாத குரலில்.

நான் வேண்டாம் எண்டனான்.
பதினொரு வருசமாய்.
போன வெள்ளி அடுத்த அறையில்
பிள்ளைக்குக் காய்ச்சல்.
சத்தம் வராமல் வேண்டாம் எண்டனான்.
அவருக்குக் கேட்டது.
கேட்டுக்கொண்டுதான்.

தொலைபேசிக்குள் மூச்சு ஒன்று நின்றது.
வெளியே பனி வழிக்கும் வண்டி
பின்பக்கமாய்ப் போய்க்கொண்டே
பீப் பீப் என்றது.

பிறகு அவள் இங்கிலிசில் தொடங்கினாள்.
இந்தம்மா சொல்லுறா என்று தொடங்குவாள்
என்றுதான் இருந்தேன்.
ஐ, என்றாள்.
ஐ செட் நோ.
அவர்களுக்கு அதுதான் விதியாம்,
பிறகு அறிந்தேன்.
அப்போது எனக்குத் தெரியாது.
முகம் தெரியாத ஒருத்தி
என் பதினொரு வருசத்தையும்
தன் வாயால் சொன்னாள்,
ஒவ்வொரு வரியிலும் ஐ, ஐ என்று.
நடுவில் ஒருதரம் குரல் இடறியது.
கூட்டமாட்டேன் என்றவள்
அந்த இடறலை மட்டும் கூட்டினாள்.

டொக்டர் பேனையை மூடிவிட்டுத்
தன் கதிரையை
என் பக்கத்திலிருந்து கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள்,
மூச்சுவிட இடம் தருகிறவள் மாதிரி.

ஏழாவது கேள்வி மிச்சம்.
ஏதோ பயங்கரம் நடக்கப்போகிறது என்ற பயம்
எத்தனை நாள்?
நடக்கப்போவதைத்தான் கேட்கிறார்கள்.
நடந்ததற்குத் தாளில் கட்டமில்லை.

மூன்று நாற்பதுக்குப் பிள்ளையின் பஸ் வரும்.
மணிக்கூட்டைப் பார்க்கிறேன்.

அம்மா, லைனில் இருக்கிறீங்களா?

ஓம்.
இருக்கிறன்.